தெரிந்தெடுத்தலும் கணக்குக் கேட்டலும்: இலங்கையின் உயர்கல்வியும் அரசாங்க சேவையும்

அரசியற் கருமங்களை ஆற்றுதற்கு உரியாரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்னும் வினா மிகப் பழையது. திருவள்ளுவர் பொருட்பாலிலே ‘தெரிந்து வினையாடல்’ என ஓரதிகாரத்தை இதற்கென்றே ஒதுக்கினார். கல்வெட்டுக்களுள் இவ்வினாவுக்கு விரிவாக விடை கூறுவன, தொண்டைமண்டலத்து உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம், 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட சாசனங்களாம். குடவோலை முறையினை மாணவர் யாவரும் பாடப்புத்தகத்திற் படித்திருப்பராதலின் அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. இரு செய்திகளை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

வாரியத்துக்குப் பெயர் குறிக்கப்படுபவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாயிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயின், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கவல்லவன் அரைக்கால் வேலி நிலமே உடையவனாயினும் அவன் பெயரும் ஓலையில் எழுதப்படலாம். நிலத்திற் குறைந்ததைக் கல்வி ஈடு செய்தது. இது முதலாவது செய்தி. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் எழுதப்படலாகாது. அவனுடைய உறவினர் பெயர்களும் எழுதப்படலாகா. இஃது இரண்டாவது செய்தி. அச்சபை பிராமணர் சபையாதலின் ஊரார் அனைவர்க்கும் அவ்வுரிமை இருக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் கருமஞ் செய்வோனுக்கு இரண்டு சோதனைகள் உண்டு என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். ஒன்று அவன் உள்ளே வரும்போது நிகழ்வது. மற்றையது அவன் செய்து முடித்த கருமத்தின் மேல் நிகழ்வது. இலங்கையிலே கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக முதலாஞ் சோதனையைப் பற்றியே சண்டையிட்டு வந்திருக்கிறோம். பரீட்சை, பட்டம், மொழி, மாவட்டம் என அதற்குப் பல வடிவங்கள் கொடுத்தோம். இரண்டாஞ் சோதனையோ மெல்ல மெல்லக் கைநழுவிப் போயிற்று. இக்கட்டுரை அந்த வரலாற்றைப் பெரும்பாலும் மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து நோக்குவது.

இலங்கை 1802இல் முடிக்குரிய குடியேற்ற நாடானபோது சிவில் சேவை ஒழுங்காக அமைந்தது. உயர்பதவிகள் யாவும் ஐரோப்பியர்க்கே உரியனவாயிருந்தன. கோல்புறூக், கமறன் என்போரின் விதப்புரைகளுக்கிணங்க 1833இல் அச்சேவை சுதேசிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. இராசகாரியம் அதற்கு முந்திய ஆண்டாகிய 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆயின் அதே சீர்திருத்தம் உத்தியோகத்தரின் வேதனத்தைக் குறைத்து ஓய்வூதியத்தையும் நிறுத்திற்று. விளைவு யாது? உத்தியோகத்தர் பலர் மலைநாட்டிலே காணி வாங்கிக் கோப்பித் தோட்டம் வைத்தனர். கச்சேரிக் கடமை இரண்டாந்தரமாயிற்று. 1845 அளவில் இந்நிலை திருத்தப்பட்டது. உத்தியோகத்தர் தோட்டமுயற்சியில் ஈடுபடுதல் தடுக்கப்பட்டது, ஓய்வூதியம் மீண்டது, சுதேச பாஷை அறிவு பதவியுயர்வுக்கு வேண்டப்பட்டது. ஆளவந்த அந்நியரும் குடிகளின் மொழியறிவை உத்தியோகத்தரிடம் வேண்டிநின்றனர் என்பதை வாசகர் மனத்திற்கொள்க. பின்னர் அது பயன்படும். அதே 1845இல் கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி சிவில் சேவையிற் சேர்க்கப்பட்ட முதல் இலங்கையரானார். 1834இலேயே இலங்கையின் இடவிளக்க அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் நூலாக்கியவரும் அவரே.

போட்டிப் பரீட்சையின் மூலம் இச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜிற் கற்று 1875இல் அவர் தேறினார். அவரைப் பற்றிப் பேசுவோர் பரீட்சையிற் பெற்ற வெற்றியோடு நின்றுவிடுவர். யான் பெரிதும் மதிப்பது அதன்பின் அவர் செய்ததையே. பதிவாளர் நாயகமாகப் பணியாற்றிய காலத்தில், ஒழுங்கீனமும் கைக்கூலியும் மலிந்து கிடந்த காணிப் பதிவு அலுவலகத்தை அவர் திருத்தியமைத்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அறிக்கையை வெறும் எண்களின் தொகுதியாக விடாது இந்நாட்டு மக்களின் வரலாறாகவே எழுதினார். பதவியிலிருந்துகொண்டே 1906இல் இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் தொடங்கியவரும் அவரே. அவருடைய எண்ணத்திற் பல்கலைக்கழகம் என்பது இந்நாட்டு மொழிகளும் வரலாறும் ஆராயப்படும் இடமாகும். ஆயின் 1921இற் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் இடமாகவே அமைந்தது. அங்கு கற்றோர் நோக்கியதும் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தையே. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்னும் பழமொழி பல்கலைக்கழகம் தோன்றுமுன்னரே அதன் வாயிலில் எழுதப்பட்டிருந்தது போலும்.

இக்காலத்தில் எம்மூர்ப் பக்கம் நிலைமை எவ்வாறிருந்தது? மட்டக்களப்பிலே அரசாங்க அதிபரின் கச்சேரி புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. அதற்குக் கீழே ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று முதலிய பற்றுக்களை வன்னிமைகளும் உடையார்களும் விதானைமாரும் ஆண்டனர். வயற்காணிகளின் நீர்ப்பாய்ச்சலும் வேலியடைப்பும் வட்டவிதானையின் பொறுப்பில் இருந்தன. இவர்கள் எவரும் பரீட்சை எழுதி வந்தவரல்லர். குடும்பமும் காணியுமே தகுதி. வன்னிமையின் வாசலிற் குடிகள் கைகட்டி நின்றதை எம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் வட்டவிதானை ஒருவர் வாய்க்காலைத் திறவாது விட்டால் அவ்வருட வேளாண்மையே அவர்மேற் சாட்சி சொல்லும். அறுவடைக் களத்திலே அவருக்குரிய நெல்லைக் கொடுக்கும் குடிகள் முகங்கோணுவர். நுழைவுச் சோதனை அநீதியானது. கணக்குச் சோதனையோ ஒருவாறு உயிரோடிருந்தது. தலைமைக்காரர் முறையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் 1935ஆம் ஆண்டு அறிக்கையின் பின்னர், வன்னிமைகளின் இடத்தில் பிரிவுக் காரியாதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். அதுமுதற் பற்றை ஆள்வதற்குக் கல்வி வேண்டப்பட்டது. இது நல்ல மாற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயின் அக்கல்வியை மட்டக்களப்பார் எங்கே பெறுவது? 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து தொடங்கிய மெதடிஸ்த பாடசாலையும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் நகரத்தில் இருந்தன. படுவான்கரைப் பிள்ளைக்கு அவை தோணியேறிப் போகவேண்டிய இடங்கள். பட்டம் பெறுதற்கோ கொழும்பு செல்லுதல் வேண்டும். இங்கேதான் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் துணைவந்தது. எங்கிருந்து கற்றோராயினும் பரீட்சைக்கு வரலாம் என 1858இல் அப்பல்கலைக்கழகம் வாயில் திறந்தது. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் ஆசிரியராகக் கடமையாற்றிக்கொண்டே அதன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். அவர் பின்னர் விபுலானந்த அடிகளாகி, 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும், அண்ணாமலையிலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற்றமிழ்ப் பேராசிரியரானதும் யாவரும் அறிந்தன. யானும் ஒரு வெளிவாரிப் பட்டதாரியே. ஒரு நேர்முகப் பரீட்சையிலே எனது சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர், “வெளிவாரியா?” என்று கேட்டு அதனை மேசையின் ஓரத்தில் வைத்தார். அன்று அடிகளின் பெயரைச் சொல்ல நாவெழுந்தது, சொல்லவில்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கிற்று. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது மாணவர் 904 பேர். மகாவலிக் கரையிலே பேராதனையில் வதிவிடப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைத்து, சிலரை நன்றாகப் பயிற்றி நாட்டுக்கு அளித்தல் என்பது அவருடைய திட்டம். அதே வேளையிற் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கிராமப்புறங்களில் 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன. எமக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலைக் கல்லூரியும் அவ்வகையைச் சேர்ந்ததே. கீழே படலை அகலத் திறந்தது. மேலே வாயில் ஒடுங்கியே இருந்தது. இவ்விரு கொள்கைகளும் தம்முள் முரணுவன என்பதை அந்நாளில் எத்தனை பேர் உணர்ந்தனரோ! இரண்டும் நன்மையை நாடியனவே. ஆனால் கீழ்ப்படலையாற் புகுந்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேல்வாயிலுக்கு வந்து சேர்வர் என்பது எளிய கணக்கு.

அக்காலத்துச் சிவில் சேவையிற் சிறந்தோரை நினைக்கும்போது கீழ்மாகாணத்தார் மறத்தலாகாத பெயர் ஒன்றுண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற ஏ. எம். ஏ. அஸீஸ் 1935இல் அச்சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் ஆவர். போர்க்காலத்தில், 1942இல், உணவுற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். காடு வெட்டிக் காணியாக்கும் வேலையிற் குடிகளோடு நின்றார். விபுலானந்த அடிகளின் நட்பும் அங்கேதான் அவர்க்கு வாய்த்தது. எம்பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விநிலையை நேரிற் கண்டு, வசதியற்ற மாணவர்க்கென 1945இற் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். 1948இலே, எவரும் கைவிட அஞ்சும் சிவில் சேவைப் பதவியைத் துறந்து கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். பட்டத்தினால் உள்ளே வந்தவர்தாம் அவரும். அவரைப் பெரியவராக்கியது கல்முனை வயல்வெளியிலே அவர் கற்றுக்கொண்டது.

இனி 1956. அவ்வாண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிற்று. ஆங்கிலம் அறிந்த சிறுகூட்டத்தாரின் கையிலிருந்து நிருவாகத்தை மக்கள் மொழிக்கு மாற்றுதல் வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானதே. ஆயின் மக்கள் என்போர் ஒரே மொழியினர் அல்லரே! தமிழ் உத்தியோகத்தர் குறித்த காலத்துள் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. பெறாதோர்க்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. கோடீஸ்வரன் என்னும் இலிகிதர் சேவை உத்தியோகத்தர் ஒருவர், 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கையின்படி 1962இல் தமக்கு ஏற்றம் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர்நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிட முடியாதெனக் கூறி அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிடலாம் எனத் தீர்த்து மொழி வினாவை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வருமுன் 1972இன் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. 1845இலே பதவியுயர்வு பெறவிழைந்த அந்நியன் குடிகளின் மொழியைக் கற்கவேண்டியிருந்தது. 1961இலோ, தமிழ்க் குடிகளுக்குக் கடமை செய்யும் தமிழ் உத்தியோகத்தனும் வேறொரு மொழியின் தேர்ச்சிக்காகவே சோதிக்கப்பட்டான். தன் குடிகளுக்கு எவ்வளவு நன்றாகப் பதில் எழுதினான் என எவரும் கேட்கவில்லை.

1963 மே மாதத்தில் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு, பிரிவுக் காரியாதிகாரிகளையும் உள்ளடக்கிய நிருவாக சேவை அமைந்தது. விதானைமாரின் இடத்தில் கிராம சேவையாளர் வந்தனர். 1947 முதல் நியமனங்களைக் கவனித்து வந்த பகிரங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தை 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு மந்திரிசபையிடம் ஒப்படைத்தது. 1977இன் பின்னர் வேலை வேண்டுவோர்க்கான விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் வாயிலாகவே வழங்கப்பட்டன. சுயாதீன ஆணைக்குழுவை மீட்க 2001இற் செய்த பதினேழாந் திருத்தமும், அதன்பின் 2010, 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் மாறிமாறி வந்த திருத்தங்களும் வாசகர் அறிந்தனவே. பழைய வன்னிமையின் வாசல் வேறோர் இடத்திற் புதிதாகத் திறக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகுமோ?

இதற்கிடையே பல்கலைக்கழகங்களும் பெருகின. வித்தியோதயா, வித்தியாலங்கார என்னும் பிரிவேனாக்கள் 1959இற் பல்கலைக்கழகங்களாயின. தாய்மொழி வாயிலாகக் கற்ற மாணவர் கலைப்பீடங்களை நிறைத்தனர். 904ஆக இருந்த தொகை 1960களின் நடுப்பகுதியிற் பதினாயிரத்தைக் கடந்தது. கற்பிக்கப்பட்டவை வரலாறு, மொழி, பொருளியல் முதலியன. எதிர்பார்க்கப்பட்டது அரசாங்க வேலை. அரசாங்கத்திலோ அத்தனை இடமில்லை. 1971 ஏப்பிரிலிற் கற்ற சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்தபோதே நாடு விழித்தது. அவ்வாண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லை என்று எழுதிற்று. ரொனால்ட் டோர் என்னும் ஆங்கில அறிஞர் 1976இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு பிணி என்றே அழைத்து, இலங்கையையும் அதற்கு உதாரணமாகக் காட்டினார். முன்னேற்றத்திற் பிந்திவந்த நாடுகளிலேதான் சான்றிதழ் மிகுந்த அதிகாரம் பெறுகிறது. வேலைக்கு ஆட்கள் பெருகப் பெருக, அதே வேலைக்கு மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படுகிறது. பாடசாலை பரீட்சைக்கூடமாகிறது என்பன அவர் கருத்து. வகுப்பறையில் நிற்பவர்க்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை. “சேர், இது சோதனைக்கு வருமா?” என்னும் கேள்வியை யான் கேளாத வாரமில்லை.

எம்மாவட்டத்தாரின் மனச்சாட்சியைத் தொடும் பகுதி இனிவருவது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளிற் சிங்களமொழி மாணவன் 227 பெற்றாற் போதும். தமிழ்மொழி மாணவன் 250 பெறவேண்டும். பின்னர் 1973இற் புள்ளிகளை மொழிவாரியாகத் தரப்படுத்தினர். 1974இல் மாவட்டப் பங்கீடு அதனோடு சேர்ந்தது. முதலிற் சொன்னது அநீதி என்பதில் இரண்டு பேச்சில்லை. ஒரே வினாத்தாளுக்கு ஒரே தரத்தில் விடையெழுதிய இருவரைத் தாய்மொழி நோக்கிப் பிரித்தது அது. யாழ்ப்பாணத்து இளைஞர் அதன்பொருட்டு அடைந்த மனக்கொதிப்பு இந்நாட்டின் வரலாற்றையே மாற்றிற்று.

ஆயின் மாவட்டப் பங்கீட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டவற்றை மட்டக்களப்பில் இருந்துகொண்டு அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால் இடமிழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது வாயில் திறந்தது. ஆய்வுகூடமில்லாத பாடசாலையில், பௌதிக ஆசிரியர் தவணைக்குத் தவணை மாறிச்செல்லும் சூழலிற் கற்ற பிள்ளையை, நூறாண்டு மிஷன் கல்விக்கு வாரிசான பிள்ளையோடு ஒரே கோட்டில் ஓடவிடுதல் நீதியாகாது என்பதே எமது பக்கத்து வாதம். இவ்வாதத்தை நாம் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினோம். தமிழர் ஒற்றுமைக்கு ஊறு விளையும் என அஞ்சினோம் போலும். இன்றும் கலைத்துறை முதலிய சில நீங்கலாக, அனுமதி 40 வீதம் நாடளாவிய திறமையாலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையாலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அப்பதினாறனுள் மட்டக்களப்பும் ஒன்று. இன்று யாழ்ப்பாணமும் ஒன்று என்பதைப் போரின் கணக்குகளுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

எனினும் எமது வாதத்தில் ஒரு பொத்தல் உண்டு. மாவட்டத்துக்கு இடமளிப்பதற்குச் சொல்லப்பட்ட நியாயம், அம்மாவட்டம் தனக்கெனப் பொறியியலாளரையும் வைத்தியரையும் பெறவேண்டும் என்பதாகும். ஆயின் மட்டக்களப்பின் பங்கிலே உட்புகுந்த மாணவன் கற்றுமுடித்து மட்டக்களப்புக்கு மீளவேண்டும் என்னும் நிபந்தனை எங்கும் இல்லை. மாவட்டத்தின் பெயரால் வாயில் திறந்தது. அதன்பின் மாவட்டம் மறக்கப்பட்டது. பரீட்சைக் காலத்திற் பிற மாவட்டப் பிள்ளைகள் இங்கு வந்து பதிந்து எழுதியதும், எம்முட் சிலரே அதற்கு வழிசெய்து கொடுத்ததும் இரகசியமல்ல. இங்கும் நுழைவுச் சோதனை பற்றித்தான் வழக்காடினோம். கதிரவெளியில் ஒரு கர்ப்பிணி வைத்தியரைக் காண எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள் என்பதை அனுமதிக் கொள்கையின் கணக்கிற் சேர்க்க நாமும் கேட்கவில்லை.

1981 ஆகத்து முதலாந் திகதி வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளவிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஏறாவூரிலிருந்து செங்கலடியைக் கடந்து சென்றால் துவிச்சக்கர வண்டியிற் போய்விடக்கூடிய தூரம். தோணியேறிப் பள்ளி சென்றோரின் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டம் வீட்டு வாசலுக்கு வந்தது. 1990இல் அதே வளவு அகதிகளின் தங்குமிடமாயிற்று. அங்கிருந்து அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்டோர் மீளவில்லை. அத்தகைய நிலத்திலே விரிவுரைகள் மீண்டும் நடைபெறுவதே பெரிய காரியம் என்பேன்.

அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் கற்றுத் தேறிய எம்மாவட்டப் பட்டதாரிகள் 2017இல் மட்டக்களப்பு நகரிலே வேலை கேட்டு இரவும் பகலும் சத்தியாக்கிரகம் இருந்தனர். என்னிடம் கற்றோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களைப் பார்க்கச் சென்றபோது யாது சொல்வதெனத் தெரியாது சோடாப் போத்தல்கள் சிலவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாடெங்கும் இவ்வாறு எழுந்த குரலுக்கு அரசாங்கங்கள் ஒரே விடையையே பலமுறை அளித்தன: கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளுதல். 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் அவ்விடைகளுட் பெரியது. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்னும் பதவிப்பெயர் பலர்க்கு வழங்கப்பட்டது. வேலையற்றிருந்த வீட்டில் அடுப்பெரிந்தது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயின் நாற்காலி போதாத அலுவலகத்திற்குப் பத்துப் பேரை அனுப்பிவிட்டு, அவர்கள் நாள்முழுவதும் யாது செய்யவேண்டும் என்பதை எழுதிக்கொடாது விட்டால், ஓராண்டிலே அவர்கள் கற்ற கல்வியும் துருப்பிடிக்கும். அவ்வாறு சென்ற மாணவி ஒருத்தி, “சேர், எங்களுக்கு வேலை தந்தார்கள், வேலை தரவில்லை” என்றாள்.

மொழியின் நிலை சட்டத்தளவிலே திருந்தியது. 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007 சூலையின் பின் சேர்ந்த அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுகளுள் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. நடைமுறை வேறு. சென்ற வருடங்களுள் ஒருநாள் எம் அயலிலுள்ள விதவை ஒருத்தி தலைநகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முழுவதும் சிங்களம். எனக்கு அம்மொழி வாசிக்க வராது. அதனை வெட்கத்தோடே ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கையில் இருந்த இரு பட்டதாரிகளுக்கும் வரவில்லை. ஈற்றில் கொழும்பிலே சாப்பாட்டுக்கடையில் நின்று வந்த பையன் ஒருவனே அதனை வாசித்து, பிறப்புச் சான்றிதழின் பிரதியை ஒரு மாதத்துள் அனுப்பும்படி கேட்டிருக்கிறது என்றான். அம்மாதம் முடிய நான்கு நாட்களே இருந்தன. அவ்வலுவலகத்திற் கடிதம் எழுதியவர் இரண்டாம் மொழிப் பரீட்சையிற் தேறியவராகவே இருக்கக்கூடும். தேறினார் என்பதற்குச் சான்றிதழ் உண்டு. தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழில் எழுதினாரா என்று பார்ப்பதற்கு ஒருவருமில்லை.

கணக்குப் பரிசோதகர் தலைமையதிபதியின் திணைக்களம் இந்நாட்டிற் பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. அது காசின் கணக்கைக் கேட்கும். ஒரு கோவை எத்தனை நாள் ஒரு மேசையிற் கிடந்தது என்னும் கணக்கைக் குடிமகன் தானே கேட்பதற்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிவகுத்தது. 2017 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுள் தகவல் உத்தியோகத்தர் தமது தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். கேட்பவன் காரணம் கூறவேண்டியதில்லை; பட்டமும் வேண்டியதில்லை. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரார் கல்லில் வெட்டிய இரண்டாம் விதிக்கு அண்மையாக இந்நாட்டில் எனக்குத் தெரிவது இச்சட்டமே. எம்பகுதியில் இதனைப் பயன்படுத்துவோர் இன்னும் மிகச் சிலர். பல்கலைக்கழகத்திற் கற்கும் எம்மாணவருட் பலரும் இதன் பெயரளவே அறிவர்.

என்னோடு கற்பித்து ஓய்வுபெற்ற படுவான்கரை ஆசிரியர் ஒருவர் தமது சம்பள நிலுவைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழுமுறை சென்றுவந்தார். ஒவ்வொரு முறையும் “மேலே அனுப்பியிருக்கிறது, ஐயா” என்பதே விடை. எட்டாவது முறை செல்லாது, மேற்கூறிய சட்டத்தின்படி ஒரு படிவத்தை நிரப்பி அஞ்சலில் விட்டார். மூன்றாம் வாரம் பதில் வந்தது. கோவை எங்கும் அனுப்பப்படவில்லை. அவர் முன்பு கற்பித்த பாடசாலையிலிருந்து வரவேண்டிய சேவை விபரக் கடிதம் ஒன்றுக்காகப் பதினொரு மாதம் அங்கேயே கிடந்தது என அதில் எழுதியிருந்தது. அவர் அக்கடிதத்தை என் வீட்டுத் திண்ணையிலிருந்து எனக்குக் காட்டினார். திருத்தமான தமிழில், திகதியிட்டு எழுதப்பட்டிருந்தது; கையெழுத்தின் கீழே எழுதியவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருந்தன.